தள்ளுபடி டூல்ஸ் கடை: விலையைக் கேட்கும் முன் ஆர்மேச்சரைக் கேளுங்கள்

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஓசூர் சிப்காட்டில் நான்கு வருடம் கான்ட்ராக்ட் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஊரிலேயே கேட், கிரில் செய்யும் பட்டறை போடப் போகிறாராம். டூல்ஸ் வாங்கக் கையில் நாற்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் ஒரு தள்ளுபடி டூல்ஸ் கடையில் எல்லாமே பாதி விலை என்கிறார்கள். அங்கே வாங்கலாமா, கெட்டுப்போனால் மாற்றித் தருவார்களா, இல்லை பெங்களூருக்கே போய்விடட்டுமா என்பதுதான் அவருடைய கேள்வி.

நான் கிருஷ்ணகிரியில் இருபத்திரண்டு வருடமாக எரிந்த மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறேன். ஆரம்பத்தில் வந்ததெல்லாம் கிணற்று மோட்டார்தான். இன்று மேஜையில் கிடப்பதில் பாதிக்கு மேல் கிரைண்டர், டிரில், மார்பிள் கட்டர். பர்கூர், ஜெகதேவி பக்கத்து கிரானைட் பட்டறைகளிலிருந்து வருகின்றன, காவேரிப்பட்டணத்துத் தச்சர்களிடமிருந்து வருகின்றன, மாந்தோப்புக்காரர்களிடமிருந்து வருகின்றன. எந்தக் கடையில் வாங்கியது எத்தனை மாதத்தில் என்னிடம் வருகிறது என்பது எனக்கு மனப்பாடம். அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் இந்தப் பதில்.

வாங்கலாம் தம்பி. ஆனால் எல்லாவற்றையும் அங்கே வாங்காதீர்கள். பணம் எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணா, இதுக்கு ஆர்மேச்சர், கார்பன் பிரஷ் உங்ககிட்ட தனியா கிடைக்குமா?" ஆர்மேச்சர் என்பது மோட்டாருக்குள் சுற்றும் காயில் பகுதி, கார்பன் பிரஷ் அதற்குக் கரண்ட் கொடுத்துத் தேய்ந்துபோகும் கரித் துண்டு. ரேக்கிலிருந்தோ டிராயரிலிருந்தோ எடுத்துக் காட்டினால் அந்தக் கடையை நம்பி மெஷின் வாங்கலாம். "அதெல்லாம் போகாதுங்க, கம்பெனி பொருள்" என்று பேச்சை மாற்றினால், கை சாமான் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஏன் இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், பாதி விலை எங்கிருந்து வருகிறது என்பதற்கு அதில்தான் பதில் இருக்கிறது. சீனாவில் யோங்காங் என்று ஒரு நகரம், டூல்ஸும் இரும்புச் சாமானும் செய்வதற்கே பேர்போனது. அந்த மாதிரி ஊர்களில் ஒரே அச்சில் ஊற்றிய கிரைண்டர் உடம்பை பத்துப் பேர் வாங்கி, பத்துப் பெயர் ஒட்டி, பத்து நாட்டுக்கு அனுப்புவார்கள். இங்கே இறக்குமதி செய்பவர் டெல்லியிலோ மும்பையிலோ இருப்பார். இந்த வருடம் ஒரு கன்டெய்னர், அடுத்த வருடம் வேறு தொழிற்சாலையிலிருந்து இன்னொரு கன்டெய்னர். வெளியே நிறம், பெயர் எல்லாம் அதேதான், உள்ளே பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கை மாறியிருக்கும், பேரிங் அளவு மாறியிருக்கும். சீனப் பொருள் என்பதால் மட்டும் மோசம் என்று நான் சொல்லவில்லை. பெரிய கம்பெனிகளும் அங்கே செய்துதான் விற்கிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், பெரிய கம்பெனி ஐந்து வருடம் கழித்தும் அதே மாடலுக்கு உதிரி தரும். தள்ளுபடிப் பெயர்களில் பலவற்றுக்கு உதிரியே வராது. உதிரி வைத்திருக்கும் செலவும் சர்வீஸ் ஆள் வைத்திருக்கும் செலவும் இல்லாததால்தான் விலை இறங்குகிறது.

அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் என்று ஒரு தள்ளுபடி டூல்ஸ் கடை இருக்கிறது. 1977-ல் கலிஃபோர்னியாவில் தபால் ஆர்டர் வியாபாரமாகத் தொடங்கி, இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள். அங்கே வாங்கிய கைக் கருவிகளுக்கு ஆயுள் முழுக்க வாரண்டி கொடுக்கிறார்கள். அங்கே இருக்கும் உறவினர் சொல்வதைக் கேட்டுவிட்டு நம் ஊர்க் கடையிலும் அதையே எதிர்பார்த்துப் போய்ச் சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே முடிவதற்குக் காரணம், விற்கிற பொருளில் பெரும்பாலானவற்றின் பெயரும் அவர்களுடையது, கடையும் அவர்களுடையது. நம் ஊரில் பெயர் ஒருவருடையது, இறக்குமதி இன்னொருவருடையது, கடை மூன்றாமவருடையது. பொருள் கெட்டால் மூன்று பேரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். அதனால் கடைக்காரர் தன் கையிலேயே என்ன வைத்திருக்கிறார் என்பதுதான் நமக்குக் கிடைக்கும் உண்மையான வாரண்டி.

அடுத்தது இந்தத் தள்ளுபடிக் கணக்கு. பெட்டியில் எம்.ஆர்.பி. 4,800 என்று இருக்கும், பக்கத்தில் சிவப்பு ஸ்டிக்கரில் 1,350. எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக்கூடாது என்கிற எல்லை மட்டுமே. அதை நிர்ணயிப்பது தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோதான், அரசாங்கம் இல்லை. 4,800 என்று அச்சடிக்க அவருக்கு ஒரு தடையும் இல்லை. ஆகவே எத்தனை சதவீதம் குறைத்தார்கள் என்று பார்க்கவே பார்க்காதீர்கள். அதே பெட்டியில் பார்க்க வேண்டியது வேறு: இறக்குமதியாளர் பெயர், முழு முகவரி, எந்த நாட்டில் செய்தது, எந்த மாதம் எந்த வருடம், புகாருக்கு எந்த எண். பொட்டலச் சரக்கு விதிகளின்படி இவை இருந்தே ஆக வேண்டும். இவை இல்லாத பெட்டியை, விலை என்னவாக இருந்தாலும், கீழே வைத்துவிடுங்கள்.

சரி, கடைக்குள் போய்விட்டீர்கள். கிரைண்டரைக் கையில் எடுங்கள். நாலு இஞ்ச் மெஷின்தான் உங்கள் பட்டறையில் தினமும் ஓடப்போவது, அதனால் அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் எடை. பெயர் உள்ள கம்பெனியின் நாலு இஞ்ச் மெஷினை ஒரு கையிலும், தள்ளுபடி மெஷினை இன்னொரு கையிலும் தூக்கிப் பாருங்கள். இரண்டிலும் வாட்ஸ் ஒரே அளவு என்று எழுதியிருந்தும் ஒன்று குழந்தை விளையாட்டுச் சாமான் மாதிரி லேசாக இருந்தால், உள்ளே செம்புக்குப் பதில் அலுமினியம் இருக்க வாய்ப்பு அதிகம். செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். அலுமினியத்தின் மின்கடத்தல் செம்பில் அறுபது சதவீதம் அளவுதான், அதனால் அதே வேலைக்கு அது அதிகமாகச் சூடேறும். என் மேஜைக்கு வந்த ஒரு டிரில்லின் ஃபீல்டு காயிலை, அதாவது ஆர்மேச்சரைச் சுற்றி அசையாமல் நிற்கும் காயிலை, பிரித்தபோது கம்பி நல்ல செம்பு நிறத்தில் மினுமினுவென்று இருந்தது. பிளேடு நுனியால் ஒரு சுரண்டு சுரண்டினேன், உள்ளே வெள்ளை. நிறம் மேல் பூச்சில் மட்டும். வாங்கியவர் ஒரு தச்சர். "புது மெஷின்ணா, இருபது நாள்தான் ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே நின்றார். அந்தக் கம்பியை அவர் கையில் கொடுத்துக் காட்டியபோது அவர் முகம் போன போக்கு இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அடுத்து, வீல் மாட்டும் ஸ்பிண்டிலை இரண்டு விரலில் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லேசாகக்கூட டக்கு டக்கு என்று ஆடக்கூடாது. கையால் சுற்றிப் பாருங்கள், ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஒரு இடத்தில் இறுகி ஒரு இடத்தில் தளர்ந்தால் கியர் சரியில்லை. பிறகு பிளக்கில் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத கடையில் மெஷின் வாங்க வேண்டாம். வீல் இல்லாமல் இரண்டு நிமிடம் ஓடட்டும். காற்றுப் போகும் ஜன்னல் வழியாக கார்பன் பிரஷ் இருக்கும் இடத்தைப் பாருங்கள். சின்னச் சின்ன நீலப் பொறி வந்தால் தப்பில்லை. ஆர்மேச்சரின் செம்புப் பட்டையைச் சுற்றி மஞ்சளாக நெருப்பு வளையம் ஓடினால் அந்த மெஷின் வேண்டாம், வேறு பெட்டி உடைக்கச் சொல்லுங்கள். புது மெஷினில் முதல் நிமிடம் லேசாக வார்னிஷ் வாசனை வரும், அது அடங்கிவிட வேண்டும். ஏறிக்கொண்டே போனால் அதுவும் வேண்டாம்.

பெயர்ப் பட்டையில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட ஒரு குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். இரட்டைக் காப்பு உள்ள மெஷின் என்று அதற்கு அர்த்தம். அதற்கு எர்த் தேவையில்லை, இரண்டு பின் பிளக் போதும். அந்தக் குறி இல்லாமல் இரண்டு பின் பிளக்கோடு இரும்பு உடம்பு மெஷின் ஒன்றைக் கொடுத்தால், அது ஷாக் அடிக்கக் காத்திருக்கும் சாமான்.

கட்டிங் வீலில் மட்டும் தயவுசெய்து காசைப் பார்க்காதீர்கள். வீல் நடுவில் ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதில் வி என்ற ஆங்கில எழுத்தும், மாதமும் வருடமும் பொறித்திருக்கும். அது காலாவதி தேதி. ரெசின் வைத்து இறுக்கிய வீல் அது. தயாரித்து மூன்று வருடத்துக்குப் பிறகு ரெசின் பிடிப்பு குறைந்துவிடும், ஈரத்தில் இருந்தால் இன்னும் சீக்கிரம். தள்ளுபடி வீல் கட்டுகளில் தேதி முடிந்தவை கலந்து வருவதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். நாலு இஞ்ச் மெஷின் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்றுக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் வீலின் ஓரம் நொடிக்கு அறுபது மீட்டர் போகிறது, மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் அதிகம். உடைந்தால் சிதறும் துண்டு அந்த வேகத்தில்தான் முகத்துக்கு வரும். காவேரிப்பட்டணத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பட்டறையில் பத்தொன்பது வயதுப் பையன், வீலை மறைக்கும் கார்டைக் கழற்றிவிட்டு மரம் அறுக்கும் பல் பிளேடை கிரைண்டரில் மாட்டினான். அதை விற்ற கடையில் "எல்லாத்துக்கும் ஆகும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தொடையில் பதினேழு தையல். நரம்பு தப்பியது அவன் அம்மா செய்த புண்ணியம். அந்தப் பையனைப் பார்த்ததிலிருந்து, என்னிடம் ரிப்பேருக்கு கார்டு இல்லாமல் வரும் கிரைண்டருக்கு கார்டு மாட்டித்தான் திருப்பித் தருகிறேன். நீங்களும் பெட்டியில் கார்டு இருக்கிறதா என்று திறந்து பார்த்து வாங்குங்கள்.

இப்போது வெல்டிங் மெஷின். தள்ளுபடிக் கடைகளில் அதிகமாக ஏமாறும் இடம் இதுதான். இன்வெர்ட்டர் வகை வெல்டிங் மெஷின் மேல் 250, 300 ஆம்ப்ஸ் என்று பெரிதாக எழுதியிருக்கும். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் உண்மை தெரிந்துவிடும். 250, 300 கூட வேண்டாம், 200-க்கே பார்ப்போம். ராடு வெல்டிங்கில் 200 ஆம்ப்ஸ் எடுக்கும்போது வோல்ட் 28 என்று வைத்துத்தான் கணக்கிடுவார்கள். இரண்டையும் பெருக்கினால் 5,600 வாட்ஸ். மெஷினில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால் கரண்ட் லைனிலிருந்து ஆறரை கிலோவாட்ஸ் இழுக்க வேண்டும். 230 வோல்ட்டில் அது 28 ஆம்பியருக்கு மேல். ஆனால் அந்த மெஷினில் இருப்பதோ ஒரு சாதாரணக் கம்பியும் 16 ஆம்பியர் பிளக்கும். 28 ஆம்பியர் அந்தப் பிளக்கில் போனால் பிளக் உருகிவிடும். 16 ஆம்பியர் பிளக்கில் தாராளமாக ஓடுகிற மெஷின் என்றால் அது கொடுப்பது 120 ஆம்ப்ஸ் பக்கம்தான், மேலே என்ன எழுதியிருந்தாலும் சரி.

120 ஆம்ப்ஸ் உங்களுக்குப் போதுமா என்றால், கிரில் வேலைக்குப் போதும். 12 கேஜ் ராடுக்கு அறுபதிலிருந்து தொண்ணூறு ஆம்ப்ஸ், 10 கேஜுக்குத் தொண்ணூறிலிருந்து நூற்று முப்பது. கனமான ஆங்கிளும் சேனலும் பிடித்து ஷெட் போடும் வேலைக்கு 8 கேஜ் ராடு ஓட்ட வேண்டும் என்றால் அது தாங்காது. இன்னொன்று டூட்டி சைக்கிள். பெயர்ப் பட்டையில் 60% என்று இருந்தால், அந்த ஆம்ப்ஸில் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம் எரிக்கலாம், நாலு நிமிடம் ஆறவிட வேண்டும். தள்ளுபடி மெஷின்களில் இந்த வரியே இருக்காது, இல்லையென்றால் 20% என்று பொடி எழுத்தில் இருக்கும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மாலையில் வோல்ட் இறங்கும், பாலக்கோடு பக்கமும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். குறைந்த வோல்ட்டில் எதுவரை ஓடும் என்று பட்டையிலோ புத்தகத்திலோ போட்டிருக்கும், அதையும் பாருங்கள். கடைக்குப் போகும்போது பத்து ராடும் ஒரு துண்டு இரும்பும் கையோடு கொண்டுபோங்கள். 10 கேஜ் ராடை நான்கைந்து தொடர்ந்து எரித்துக் காட்டச் சொல்லுங்கள். நாலாவது ராடில் மஞ்சள் விளக்கு எரிந்து நின்றுவிட்டால் அது உங்கள் பிழைப்புக்கான மெஷின் இல்லை. நல்ல கடைக்காரர் இதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார். ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் பின்னால் ஒரு டேபிளே இதற்கென்று போட்டு வைத்திருக்கிறார்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சி-கிளாம்ப், வெல்டிங் மேக்னட், சுத்தியல், உளி, டூல் பாக்ஸ், டிராலி, பிரஷ், கையுறை இவற்றையெல்லாம் தள்ளுபடிக் கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கெட்டாலும் நஷ்டம் சொற்பம். டிரில் பிட், ஹேக்சா பிளேடு, அரம் வாங்க வேண்டாம், அவை வெட்டாது, தேயும். கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி, வெல்டிங் கிளாஸ், லைன் டெஸ்டர், எக்ஸ்டென்ஷன் ஒயர், ஜாக்கி, செயின் பிளாக் ஆகியவற்றை அங்கே தொடவே கூடாது. டெஸ்டர் எரியவில்லை, கரண்ட் இல்லை என்று நம்பிக் கை வைத்துவிட்டால் திரும்பக் கேட்க ஆள் இருக்காது. ஒயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் இருக்க வேண்டும்.

ஸ்பேனர் வாங்கப் போனால் சட்டைப் பையில் ஒரு 8 எம்எம் போல்ட் வைத்துக்கொள்ளுங்கள். அதன் தலை 13. 13 ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டித் திருப்பினால் சிக்கென்று பிடிக்க வேண்டும், கடகடவென்று ஆடினால் அந்த செட்டே வேண்டாம். குரோம் வெனேடியம் என்று பொறித்திருப்பதை நம்பி வாங்காதீர்கள், அந்த எழுத்தை யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம். பஞ்சாபில் லூதியானா, ஜலந்தரில் செய்யும் நம் நாட்டு ஸ்பேனர்கள் இதைவிடக் கொஞ்சம்தான் விலை அதிகம், பேரன் காலம் வரை உழைக்கும்.

அளக்கும் டேப் பற்றி ஒரு வார்த்தை. நுனியில் உள்ள கொக்கி முன்னும் பின்னும் ஒரு மில்லிமீட்டர் ஆடுகிறது என்று திருப்பிக் கொடுக்க வருபவர்கள் உண்டு. அது பழுது இல்லை. உள்பக்கம் முட்டி அளக்கும்போதும் வெளிப்பக்கம் மாட்டி இழுத்து அளக்கும்போதும் கொக்கியின் தடிமன் கணக்கில் வந்துவிடக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ரிவிட்டைத் தட்டி இறுக்கிவிட்டால்தான் அளவு தப்பும்.

இனி, மாற்றித் தருவார்களா என்ற கேள்வி. இதில் பலருக்கும் சட்டம் தெரியாது, கடைக்காரர்களுக்கும் தெரியாது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று கல்லாவுக்கு மேலே எழுதி மாட்டியிருப்பார்கள். நிறம் பிடிக்கவில்லை, மனது மாறிவிட்டது என்று போனால் அந்தப் பலகை செல்லும். பழுதான பொருளுக்குச் செல்லாது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் தராததும், பழுதான பொருளைப் பில்லில் போட்ட காலத்துக்குள், காலமே போடவில்லை என்றால் முப்பது நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிகம் என்று எழுதியே இருக்கிறது.

"நீ தொழிலுக்கு வாங்கினாய், நீ நுகர்வோர் இல்லை" என்று யாராவது மடக்கினால் பயப்பட வேண்டாம். வியாபார நோக்கத்துக்கு வாங்குபவர்களைச் சட்டம் விலக்குகிறது என்பது உண்மை. ஆனால் சுயதொழிலாக, தன் பிழைப்புக்காகவே வாங்கித் தானே உபயோகிப்பவரை அந்த விலக்கில் சேர்க்கவில்லை. நீங்களே வெல்டிங் வைக்கும் பட்டறைக்கு நீங்கள் வாங்கும் கிரைண்டர் அதில் வரும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்து முதலில் புகார் சொல்லலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை வந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். இத்தனைக்கும் அடிப்படை ஒரு பில். "பில் போட்டா பதினெட்டு பர்சன்ட் கூட ஆகும்" என்பார்கள். கூடட்டும். பில்லில் மாடல் பெயர், மெஷினின் சீரியல் எண், வாரண்டி எத்தனை மாதம் என்று கையாலாவது எழுதி முத்திரை வைக்கச் சொல்லுங்கள். மாவட்டத் தொழில் மையம் வழியாக மானியக் கடனுக்குப் போகும் எண்ணம் இருந்தால், வரியோடு கூடிய விலைப்புள்ளியும் பில்லும் எப்படியும் தேவைப்படும்.

சீரியல் எண்ணை எழுதச் சொல்வதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று காரணம். சில வருடம் முன் என் கடைக்கே ஒரு ஹேமர் டிரில் வாங்கினேன். ஒன்பதாம் நாள் ஆர்மேச்சர் போய்விட்டது. நானே கட்டிக்கொள்ளலாம், ஆனால் ஆறு மாத வாரண்டி இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டு போனேன். கல்லாவில் இருந்தவர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "இது எங்க கடை பீஸ்தான்னு எப்படி நம்புறது? பில்லுல டிரில்னுதான் இருக்கு." உண்மைதான், பில்லில் டிரில் 1 என்று மட்டும்தான் இருந்தது. பெங்களூர் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள் என்று ஒரு எண் கொடுத்தார். அந்த எண்ணில் பத்து நாளும் யாரும் எடுக்கவில்லை. பணத்தைவிட, பெட்டியைத் திறந்து பார்க்கக்கூட மனமில்லாமல் போனதுதான் எனக்கு வலித்தது. நான் அந்தத் தெருவிலேயே இருப்பவன், தினமும் பத்துப் பேருக்குக் கடை சொல்பவன்.

இதற்கு நேர்மாறாகவும் பார்த்திருக்கிறேன். போன மழைக்கு முன்னால், வேறொரு தள்ளுபடிக் கடையில் ஒரு வயதான விவசாயி புல் வெட்டும் மெஷின் வாங்க வந்திருந்தார். கடை முதலாளி முப்பது வயதுக்குள் இருப்பார். பெட்டியை அவரே பிரித்து, பெரியவரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு நாற்பது மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் என்று அளவு மூடியில் ஊற்றிக் காட்டினார். "ஐயா, வெறும் பெட்ரோல் ஊத்துனீங்கன்னா பிஸ்டன் பிடிச்சுக்கும், அப்ப நான் மாத்தித் தர முடியாது, இப்பவே சொல்லிடுறேன்" என்றார். பெரியவர் கையாலேயே கயிற்றை இழுக்கவைத்து ஸ்டார்ட் செய்யவைத்தார். பிறகு ஒரு பழைய நாற்பது பக்க நோட்டில் பெரியவர் ஊர், மெஷின் எண், தேதி எழுதிக்கொண்டார். முக்கால் மணி நேரம் ஆனது. லாபம் என்ன, முந்நூறோ நானூறோ இருக்கும். அந்த நோட்டைப் பார்த்த அன்றிலிருந்து நான் ஆட்களை அந்தக் கடைக்குத்தான் அனுப்புகிறேன்.

கடைப் பையன்களிடம் கோபப்பட வேண்டாம் என்றும் சொல்வேன். ரேக் அடுக்கும் பையனுக்கு ஆர்மேச்சர் எது ஃபீல்டு எது என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். முதலாளி இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். சனிக்கிழமை சாயங்காலமும் ஞாயிறும் கூட்டம். யாராலும் மெஷினை ஓட்டிக் காட்ட முடியாது. வார நாளில் காலை பத்து மணிக்குப் போனால் பொறுமையாகக் காட்டுவார்கள். கல்யாண மண்டபத்தில் பத்து நாள் போடும் டூல்ஸ் சேலிலும், ரோட்டோரம் வண்டியில் விற்பதிலும் கையுறையும் கிளாம்பும் தவிர எதுவும் வேண்டாம். பதினோராம் நாள் மண்டபம் காலியாக இருக்கும்.

பெங்களூர் போவதா என்றால், டூல்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் விலை குறைவு, சரக்கும் அதிகம். அதில் சந்தேகம் இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர், பாலக்கோட்டிலிருந்து இன்னும் கூட. போய்வர பஸ் செலவு, ஒரு நாள் கூலி, பெட்டி தூக்கும் சிரமம் எல்லாம் சேர்த்தால் மூவாயிரம் ரூபாய் கிரைண்டரில் முந்நூறு மிச்சம் பிடிப்பது கட்டுப்படியாகாது. அது கெட்டால் திரும்பவும் ஒரு நாள் போகும். டை, ஹோல் கட்டர், பெரிய டாப் செட் மாதிரி இங்கே கிடைக்காத சாமான்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

உங்கள் நாற்பதாயிரத்தை நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். பாதிக்கு மேல் வெல்டிங் மெஷினுக்கும் 14 இஞ்ச் கட்-ஆஃப் மெஷினுக்கும். இரண்டும் பெயர் உள்ள கம்பெனி, சர்வீஸ் சென்டர் கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ ஓசூரிலோ இருக்கிறதா என்று போன் செய்து உறுதிப்படுத்திய பிறகு. நாலு இஞ்ச் கிரைண்டர் இரண்டு வாங்குங்கள். ஒன்று நல்லது, அதில் கட்டிங். இன்னொன்று தள்ளுபடிக் கடையில், அதில் கம்பி பிரஷும் ஃபிளாப் வீலும் மாட்டித் துரு எடுக்க மட்டும். அது போனாலும் வேலை நிற்காது. டிரில் 13 எம்எம் சக் உள்ளதாக ஒன்று. கிளாம்ப், சுத்தியல், மேக்னட் எல்லாம் தள்ளுபடிக் கடையிலேயே. கண்ணாடி, கிளாஸ், கையுறைக்கு ஆயிரம் ரூபாயை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், கடைசியில் பணம் மிஞ்சாது.

மெஷின் வாங்கும் அன்றே ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஜோடி கார்பன் பிரஷ் வாங்கி, மெஷின் பெயரை எழுதிய கவரில் போட்டு டூல் பாக்ஸின் மூடியில் ஒட்டி வையுங்கள். ஜோடி ஐம்பது, அறுபது ரூபாய்தான் ஆகும். பிரஷ் அரை சென்டிமீட்டருக்குக் குறைந்ததும் மாற்றிவிடுங்கள். தேய்ந்த பிரஷோடு ஓட்டி, பொறி பறந்து, செம்புப் பட்டை குழி விழுந்துதான் என் மேஜைக்கு வரும் ஆர்மேச்சர்களில் பாதி வருகின்றன.